வீட்டுக்குள் வீசிய ஆடிக்காற்று

‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பது தமிழ்ப்பள்ளியில் நான் பொருளோடு மனனம் செய்த பழமொழிகளுள் ஒன்று. மலேசிய மண்ணில் பிறந்து வளர்ந்த நமக்கு ஆடிக்கும் ஐப்பசிக்கும் பெரிதாக என்ன வேறுபாடு? அதே வெயில், அதே மழை, அதே மின்விசிறி. ஆடி என்றால் கோயிலில் கூழ் வார்ப்பார்கள் என்பதோடு நம் அனுபவம் முடிந்துவிடுகிறது. அந்தப் பழமொழியின் காற்று உண்மையாகவே என்மேல் வீசியது 2024ஆம் ஆண்டின் ஆடி மாதத்தில்தான். வீசிய இடம் நியூசிலாந்தின் தென்தீவில் உள்ள டனீடின் நகரம். அதுவும் தெருவில் அன்று. கதவையும் சன்னலையும் சாத்திய என் படுக்கையறைக்குள்!

மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஒரு பருவம் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் பயிலும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஜூலை முதல் நவம்பர் வரை ஏறக்குறைய ஐந்து மாதங்கள். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே பருவங்கள் தலைகீழ். ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்கள்தாம் அங்குக் குளிர்காலம். 1848ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துக்காரர்கள் வந்து குடியேறிய ஊர் டனீடின். எடின்பரோ நகரத்தின் பழைய கேலிக் மொழிப் பெயரையே தங்கள் புதிய ஊருக்கும் சூட்டிக்கொண்டார்கள். 1861இல் அந்த வட்டாரத்தில் தங்கம் கிடைத்ததால் ஊர் செழித்தது. 1869இல் நாட்டின் முதல் பல்கலைக்கழகம் அங்கே தோன்றியது. இந்த வரலாற்றையெல்லாம் நான் கூறுவதற்குக் காரணம் உண்டு. அந்தச் செழிப்பின் காலத்திலும் அதைத் தொடர்ந்த ஆண்டுகளிலும் கட்டப்பட்ட மரவீடுகள் பல இன்றும் நிற்கின்றன. அவற்றில் பலவற்றில் குடியிருப்பவர்கள் மாணவர்கள்!

எனக்குக் கிடைத்ததும் அப்படியொரு வீடுதான். ஒரு மாணவி நடு ஆண்டில் காலி செய்த அறை அது. வாரத்திற்கு 170 டாலர் வாடகை. உலகின் மிகச் செங்குத்தான தெருவாகக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற பால்ட்வின் தெரு இருக்கிறதே, அதே பள்ளத்தாக்குப் பகுதியில், நூறு ஆண்டுகளைக் கடந்த பலகை வீடு. உயரமான கூரை, நடுவில் நீண்ட நடைபாதை, இருபுறமும் அறைகள், ஒவ்வோர் அறையிலும் பயன்படாத ஒரு கணப்பு அடுப்பு. சன்னல்கள் மேலும் கீழுமாக ஏற்றி இறக்கும் வகை. காலப்போக்கில் மரம் சுருங்கி, சட்டத்துக்கும் சன்னலுக்கும் இடையில் விரல் நுனி நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. தென்கோளத்தில் சூரியன் வடக்கு வானில்தான் நகர்கிறது. என் அறையின் சன்னலோ தெற்கு நோக்கியது. குளிர்காலம் முழுவதும் அந்த அறைக்குள் ஒரு சொட்டு வெயில்கூட விழவில்லை. காலை எட்டு மணிக்கு மேல் உதிக்கும் சூரியன் மாலை ஐந்து மணிக்கெல்லாம் விடைபெற்றுக்கொள்ளும்.

இரண்டாம் நாளே ஒரு சிறிய வெப்பமானியை வாங்கி மேசைமேல் வைத்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அது காட்டியது 6 டிகிரி. நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே இருப்பதைவிட இரண்டு மூன்று டிகிரிதான் அதிகம்! தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளைக் கல்லாக உறைந்திருந்தது. வாயைத் திறந்தால் அறைக்குள்ளேயே மூச்சு புகையாக வெளிவந்தது.

எங்கள் வீட்டில் ஐவர். அவர்களுள் ஒருத்தி பின்லாந்து நாட்டு மாணவி. என்னைப் போலவே ஒரு பருவத்திற்கு வந்தவள். “உன் ஊரில் இதைவிடக் குளிர் அதிகமாயிற்றே, உனக்கு இது சாதாரணமாகத்தான் இருக்கும்” என்று அவளிடம் சொன்னேன். அவள் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்து விட்டுக்கொண்டு சொன்ன பதில் இன்னும் என் நினைவில் இருக்கிறது. “எங்கள் ஊரில் வெளியே சுழியத்துக்குக் கீழ் இருபது டிகிரி இருக்கும். ஆனால், வீட்டுக்குள் நான் அரைக்கைச் சட்டையோடு இருப்பேன். வீட்டுக்குள் தொப்பி போட்டுத் தூங்குவது எனக்கு வாழ்க்கையில் இதுதான் முதல் முறை.”

சிந்திக்க வேண்டிய பதில் அது. டனீடினில் ஜூலை மாதப் பகல் பத்து டிகிரியை ஒட்டியே இருக்கும். பனி பெய்யும் நாள்கள் குறைவு. உலக அளவில் பார்த்தால் அது கடுங்குளிர் ஊரே இல்லை. பிறகு ஏன் நாங்கள் நடுங்கினோம்? வெளியே இருந்த குளிரை உள்ளே விடாமல் தடுக்கும் வேலையை எங்கள் வீடு செய்யவில்லை. அவ்வளவுதான். நியூசிலாந்தில் புதிய வீடுகளுக்கு வெப்பக்காப்பு கட்டாயமானது 1978ஆம் ஆண்டில்தான். அதாவது கூரையின் உட்புறத்திலும் சுவரிலும் தரைப்பலகைக்கு அடியிலும் கம்பளி போன்ற தடித்த விரிப்பை வைத்து, உள்ளிருக்கும் சூட்டை வெளியேறவிடாமல் பிடித்துவைப்பது. அதற்கு முன்பு கட்டிய பல வீடுகளில் மனிதனுக்கும் குளிருக்கும் இடையில் இருந்தது ஓர் அங்குலப் பலகை மட்டுமே.

குளிரோடு கூடப் பிறந்தது ஈரம். ஐந்து பேரின் மூச்சு, சமையல் ஆவி, குளியல் ஆவி, வெளியே காயாமல் உள்ளே உலர்த்தும் துணி ஆகிய அனைத்தும் நீராவியாகக் காற்றில் கலக்கின்றன. அந்தக் காற்று குளிர்ந்த ஒற்றைக் கண்ணாடியில் பட்டவுடன் தண்ணீராக மாறி வழிகிறது. நான் ரசம் வைக்கும் நாளில் அடுப்படிச் சன்னல் அழுதுகொண்டே இருக்கும்! காலையில் எழுந்தவுடன் பழைய துண்டு ஒன்றால் சன்னலைத் துடைத்து வாளியில் பிழிவது என் அன்றாடக் கடமையானது. துடைக்க முடியாத இடங்களில் கருப்புப் பூஞ்சை படர்ந்தது. அலமாரிக்குப் பின்னால், மெத்தைக்கு அடியில், நான் ஆசையோடு கொண்டு சென்றிருந்த சேலையின் மடிப்பில்கூட அது புகுந்தது.

நாங்கள் கையாண்ட உபாயங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். பொட்டலம் சுற்றும் குமிழி நெகிழித்தாளைச் சன்னல் கண்ணாடியில் தண்ணீர் தெளித்து ஒட்டினோம். அம்மா கொடுத்தனுப்பிய கைலியை நீளமாகத் தைத்து, பழைய துணிகளைத் திணித்து, மலைப்பாம்பு போலாக்கிக் கதவின் அடியில் போட்டேன். இரவில் சுடுநீர்ப் பையைக் கட்டிக்கொண்டு படுத்தேன். மற்ற நேரமெல்லாம் நூலகமே கதி. அங்கே சூடு இலவசம். நான் அந்தப் பருவத்தில் நல்ல புள்ளிகள் பெற்றதற்கு என் அறையின் குளிரும் ஒரு காரணம் என்றால் மிகையாகாது.

கூடத்தில் ஒரு சூடேற்றும் இயந்திரம் இருந்தது. நம் ஊர் ஏர்கானைத் தலைகீழாக ஓடவிட்டது போன்ற ‘ஹீட் பம்ப்’. ஆனால், அதை எத்தனை மணி நேரம் ஓடவிடுவது என்பதில்தான் வீட்டின் அமைதி தொங்கிக்கொண்டிருந்தது. ஜூலை மாத மின்கட்டணத்தில் ஆளுக்கு 90 டாலர் விழுந்தது. நம் காசுக்கு ஏறக்குறைய 250 ரிங்கிட். அதைப் பார்த்த பிறகு, இயந்திரத்தை யார் போட்டார், யார் நிறுத்தவில்லை என்று முகம் சுளிப்பு தொடங்கியது. குளிர் உடம்பை மட்டும் சுருக்குவதில்லை, தோழர்களே. மனத்தையும் சேர்த்துச் சுருக்குகிறது.

இந்நிலையில் ஒருநாள் பாட்டி தொலைபேசியில் கேட்டார்: “ஏம்மா, வீட்டுல காத்து நல்லா வருதா?”

“வருது பாட்டி. அதான் தொல்லையே!” என்றேன்.

பாட்டிக்கு விளங்கவில்லை. பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்து, அங்கேயே பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர் அவர். தகரக் கூரையின் கீழ் பகலெல்லாம் வெந்தவருக்குக் காற்று வரும் வீடுதான் நல்ல வீடு. வீடு பார்க்கப் போனால் நம் மக்கள் கேட்கும் முதல் கேள்வியும் அதுதானே? காற்றுக்காக ஏங்கும் வீட்டில் வளர்ந்தவள், காற்றை அடைக்கப் போராடும் வீட்டில் வந்து விழுந்தேன்.

அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டிக்கொடுத்தது ஊதுபத்தி. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மேசைமேல் வைத்திருந்த சின்ன முருகன் படத்திற்கு முன் பத்தி ஏற்றினேன். சாதாரணமாக நேராக மேலெழும் புகை, சாய்ந்து, படுத்து, ஒரே கோடாகக் கணப்பு அடுப்பை நோக்கி ஓடியது. அடுப்பின் வாயை ஓர் அட்டையால் மறைத்திருந்தார்கள். புகைபோக்கி அடைக்கப்படாமலே இருந்தது. உள்ளே இருந்த கொஞ்சம் சூட்டையும் அது உறிஞ்சி மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. அதற்கு ஈடாகச் சன்னல் இடுக்குகளின் வழியே வெளிக்காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. பத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினேன். தோழிகள் நான் ஏதோ பூசை செய்கிறேன் என்று நினைத்தார்கள். காரணத்தைச் சொன்னதும் ஆளுக்கொரு பத்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அன்றிரவு பதினொரு இடங்களைக் கண்டுபிடித்தோம்.

அதன்பிறகு நான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். நியூசிலாந்தில் வாடகை வீடுகளுக்கென்று ‘நலமான வீடுகள்’ என்னும் தர விதிகள் 2019ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தன. கூடத்தை 18 டிகிரி வரை சூடாக்கக்கூடிய நிலையான கருவி வேண்டும். கூரைக்கும் தரைக்கும் வெப்பக்காப்பு வேண்டும். சமையலறையிலும் குளியலறையிலும் காற்றை வெளியேற்றும் விசிறி வேண்டும். குளிர்காற்றை உள்ளே விடும், மூன்று மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளிகளை அடைக்க வேண்டும். பயன்படாத கணப்பு அடுப்பின் புகைபோக்கியை மூட வேண்டும். தனியார் வாடகை வீடுகள் அனைத்திற்கும் இறுதிக் கெடு 2025 ஜூலை 1. ஆண்டுத் தொடக்கத்தில் புதிதாக வாடகைக்கு விடப்பட்ட எங்கள் வீட்டுக்கோ அதற்கு முன்பே காலம் முடிந்திருந்தது. அந்நாட்டு இரண்டு டாலர் நாணயம் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அந்த நாணயம் எங்கள் சன்னல் இடுக்குகளில் தாராளமாகப் போய்வந்தது!

இந்த விதிகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. அதே ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் வெலிங்டன் வளாகத்தைச் சேர்ந்த பேராசிரியர் பிலிப்பா ஹௌடன்-சாப்மன் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. வருமானம் குறைந்த ஏழு வட்டாரங்களில் 1,350 வீடுகளை எடுத்துக்கொண்டு, வெப்பக்காப்பு பொருத்துவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு 2007ஆம் ஆண்டில் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. படுக்கையறை வெப்பம் கூடியதென்னவோ சராசரியாக அரை டிகிரிதான். ஆனால், ஈரம் குறைந்தது. நெஞ்சில் இழுப்பு குறைந்தது. பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம்போடும் நாள்களும் பெரியவர்கள் வேலைக்குப் போகாத நாள்களும் குறைந்தன. உலகச் சுகாதார நிறுவனமும் 2018ஆம் ஆண்டு வழிகாட்டியில் 18 டிகிரியைத்தான் குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்க வேண்டிய பாதுகாப்பான வெப்பமாகக் குறிப்பிடுகிறது.

நான் ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்து, மூன்று வாரங்களுக்குக் காலை ஏழு மணி, இரவு பத்து மணி அளவுகளைக் குறித்தேன். என் அறையின் அதிகபட்சம் 11 டிகிரி, குறைந்தபட்சம் 5. ‘ஹீட் பம்ப்’ ஓடும்போது கூடத்தில் 18. சட்டம் கூடத்தை மட்டுமே பேசுகிறது. நாம் தூங்கும் அறைக்கு அந்த 18 டிகிரி வந்து சேர வேண்டிய கட்டாயம் இல்லை. சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடியும் கட்டாயமில்லை. ஆகவே, கேட்கக்கூடியதை மட்டும் கேட்போம் என்று புகைபோக்கியையும் இடுக்குகளையும் பட்டியலிட்டேன்.

தோழர்களைக் கூடத்தில் உட்காரவைத்துப் பேசியபோதுதான் உண்மையான சிக்கல் வெளியே வந்தது. எங்களுள் ஒருத்தி இன்வர்காகில் நகரத்துப் பெண். ஆஸ்துமா நோயாளி. இரவில் அவள் இருமும் சத்தம் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும். மூச்சிழுப்பு மருந்து தலையணைக்கு அடியிலேயே இருக்கும். கடிதம் கொடுக்க வேண்டாம் என்று முதலில் சொன்னவள் அவள்தான்!

“டனீடினில் எல்லாரும் இப்படித்தான் படித்தார்கள். என் அப்பாவும் இப்படிப்பட்ட வீட்டில்தான் இருந்தார். குளிர்தாங்குவது இந்த ஊர் மாணவனுக்கு ஒரு பெருமை” என்றாள். சிறிது நேரம் கழித்துத் தாழ்ந்த குரலில் மற்றதையும் சொன்னாள். அடுத்த ஆண்டுக்கான வாடகை ஒப்பந்தங்களை நடு ஆண்டிலேயே முடித்துக்கொள்வது அந்த ஊர் வழக்கம். முறையிட்டால் ‘தொல்லை பிடித்தவர்கள்’ என்று பெயர் வரும். அடுத்த வீடு கிடைக்காது. முறையிட்டதற்காகக் காலி செய்யச் சொல்வது சட்டப்படி குற்றம் என்பதை அவளும் அறிவாள். ஆயினும், பயம் சட்டப் புத்தகத்தைப் படித்துவிட்டா வருகிறது?

அன்றிரவு பாட்டியிடம் இதைக் கூறினேன். நான் எதிர்பார்த்தது ஆறுதல். கிடைத்தது ஒரு கதை. லயத்தில் அவர்களுடைய வீட்டுக் கூரையில் ஓட்டை. மழை பெய்தால் எல்லாரும் ஒரே மூலையில் ஒடுங்கிக்கொள்வார்களாம். “ஏன் பாட்டி, யாரும் சொல்லலையா?” என்று கேட்டேன்.

“யாருகிட்ட சொல்றது? தண்டல்கிட்ட சொன்னா கிராணி காதுக்குப் போகும். கிராணி சொன்னா தொரை காதுக்குப் போகும். பேரு கெட்டுச்சுன்னா நல்ல நெரையில மரம் கெடைக்காது. தாத்தா வாயத் தொறக்கவே மாட்டாரு. பொறுத்துக்கிட்டோம், போ.” சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: “பொறுத்துக்கிட்டோம்னு இப்ப பெருமையாப் பேசுறோம். அப்ப ஒன்னும் பெருமையா இல்ல. ஒங்க பெரியம்மாவுக்கு அந்த ஈரத்துலதான் இளைப்பு வந்துச்சு.”

பெரியம்மாவின் இளைப்பு நோயைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒரு புறம் பேராக் தோட்டத்து லயம். மறுபுறம் ஸ்காட்லாந்துக்காரர்கள் வளர்த்த ஊரின் பலகை வீடு. ஒன்றில் மழை, மற்றொன்றில் காற்று. இரண்டு கூரைகளின் கீழும் ஒரே பயம், ஒரே பெருமை!

மறுநாள் பாட்டி சொன்னதை அப்படியே தோழியிடம் மொழிபெயர்த்துக் கூறினேன். அவள் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, “கடிதத்தில் என் பெயரை முதலில் போடு” என்றாள். ஐவரும் கையெழுத்திட்டோம். பதினான்கு நாள்களுக்குள் சரிசெய்யக் கோரும் முறையான அறிவிப்பு அது. என் வெப்ப அட்டவணையையும் நாணயம் செருகிய இடுக்குகளின் படங்களையும் இணைத்திருந்தோம்.

பன்னிரண்டாம் நாள் ஓர் ஆள் ஏணியோடு வந்தார். புகைபோக்கிகளை அடைத்தார். கதவுகளுக்கும் சன்னல்களுக்கும் ரப்பர்ப் பட்டை ஒட்டினார். அரை நாள் வேலை! அவ்வளவுக்குத்தான் அத்தனை மாணவர்கள் அத்தனை குளிர்காலங்களைப் பொறுத்திருக்கிறார்கள். என் அறையின் காலை வெப்பம் ஏறக்குறைய இரண்டு டிகிரி உயர்ந்தது. இரண்டே இரண்டு டிகிரி. 9 டிகிரியிலும் குளிரத்தான் செய்தது. சன்னல் அழுவதும் நிற்கவில்லை. ஆனால், பத்திப் புகை நேராக மேலே போனது. தோழியின் இருமல் முற்றாக நிற்கவில்லை. விடிய விடிய இருமிய இரவுகள் மட்டும் குறைந்தன. செப்டம்பரில் வசந்தம் பிறந்து மஞ்சள் டாஃபடில் பூக்கள் மலர்ந்தபோது, அந்த வீட்டில் அடுத்த ஆண்டும் தொடர அவளுக்கு ஒப்பந்தம் கிடைத்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அன்புத் தோழர்களே, நமக்குக் குளிர்காலம் இல்லை. ஆனால், வீடு என்னும் சிக்கல் நமக்கும் உண்டு. தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று நம் நாட்டில் 1990ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 446ஆம் சட்டம் இருக்கிறது. தோட்டங்களுக்கு அப்பால் மற்றத் துறைகளுக்கும் அது 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் விரிவடைந்தது. நம் தாத்தா பாட்டி இருந்த இடத்தில் இன்று வேறு நாட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தைச் சுற்றி ஆறு பேருக்கு ஓர் அறை என்று வாடகைக்கு இருக்கும் மாணவர்களும் நம்மிடையே உள்ளனர். ‘நாங்கள் படாத பாடா?’ என்று அவர்களிடம் பெருமை பேசுவது எளிது. அந்தப் பேச்சுதான் ஓட்டைக் கூரைகளை இத்தனை காலம் பாதுகாத்துவந்திருக்கிறது என்பது என் கருத்து. தாங்கிக்கொண்டவர்களைப் போற்றுவோம். அவர்கள் தாங்கிய ஈரத்தையும் இருமலையும் சேர்த்தே நினைவில் வைப்போம்.

நவம்பரில் அறையைக் காலி செய்தபோது வெப்பமானியை நான் கொண்டுவரவில்லை. சுவரில் ஆணியடித்து மாட்டினேன். அதன் கீழ் நோட்டுப்புத்தகத்தையும் ஒரு பேனாவையும் வைத்தேன். அளவுகள் எழுதிய பக்கத்திற்குப் பிறகு நிறையப் பக்கங்கள் மிச்சம் இருந்தன. அடுத்து வருபவருக்குப் பயன்படும்.